நாலு நாள் தூரம்

எபநேசபுரத்துக் கோயில் வாசலில் இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. ஒன்று ஜெபக் குறிப்புக்கு, மற்றது ஸ்தோத்திரக் குறிப்புக்கு. கடவுளிடம் ஏதாவது வேண்டுமென்றால் ஒரு சீட்டில் பெயரையும் விஷயத்தையும் எழுதி முதலாவதில் போட வேண்டும். வேண்டியது கிடைத்துவிட்டால் அதேபோல எழுதி இரண்டாவதில். வேண்டுதலா நன்றியா என்று சீட்டில் எழுதுகிற வழக்கம் கிடையாது. 'மார்த்தாள், முழங்கால் வலி' என்ற சீட்டு முதல் பெட்டியில் கிடந்தால் வலி தீர வேண்டும், இரண்டாவதில் கிடந்தால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் நன்றிகளை முதலிலும் வேண்டுதல்களைப் பிறகும் சத்தமாக வாசிப்பார். ஊரில் யாருக்கு என்ன நோவு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதை அறிந்துகொள்ள இதைவிடத் தோதான ஏற்பாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மனிதர்கள் செவ்வாயில் வீடு கட்டிக் குடியேறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. எபநேசபுரத்தார் இன்னும் சீட்டுத்தான் எழுதுகிறார்கள்.

கோயிலுக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டரில், தேரிக்காட்டுச் செம்மணலில், நாற்பது பெரிய ஆண்டெனாக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கேட்பு நிலையத்தில் பியூலா கடிகாரப் பிரிவின் தலைவி. தொலைவில் போகிற கலங்களுக்கும் பூமிக்கும் நேரம் பார்த்துக் கொடுப்பது அவள் வேலை. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கோபம் வந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுக்களை மட்டும் பாடுவாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் தம்பி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வாரம் தவறாமல் சீட்டுப் போட்டவள்தான். தம்பி இறந்த பிறகு அந்தப் பெட்டிகளின் பக்கமே அவள் போகவில்லை.

தம்பியின் ஒரே மகள் ஜெமிமா இப்போது 'நெடுநோக்கு' என்ற கலத்தில் இருந்தாள். சூரியனையே ஒரு பெரிய கண்ணாடி வில்லையாக வைத்து, வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகிற பூமிகளைக் கிட்டத்தில் பார்க்கிற கலம் அது. அப்படிப் பார்க்க வேண்டுமானால் சூரியனை விட்டு அதிக தூரம் போக வேண்டும். பன்னிரண்டு பேர் ஒன்பது வருஷமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒளி பூமிக்கு வரவே நான்கு நாளாகும். வந்த வேலை முடிந்தது, இனி ஒன்பது வருஷமாக அணைந்து கிடக்கிற எஞ்சினை மூட்டி வேகத்தைத் தணித்து வீட்டைப் பார்க்கத் திரும்ப வேண்டும். எஞ்சின் பிடிக்காவிட்டால் கலம் போகிற போக்கில் போய்க்கொண்டே இருக்கும். யாரும் துரத்திப் பிடிக்க முடியாது. மூட்டுகிற நாள் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து இருபது என்று குறித்திருந்தார்கள்.

ஜெமிமா விண்ணப்பித்தபோது சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் பியூலா. அதை அவள் யாரிடமும் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் அன்று காலை நிலையத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தம்பி மனைவி ஹெப்சியின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கையெழுத்துத்தான்.

"மைனி, மணி என்ன?" என்று ஹெப்சி கேட்டாள்.

"பத்து இருபது."

"இப்பத்தானா?"

"இப்பத்தான். பிடிச்சிருந்தா பிடிச்சிருக்கும்."

"நமக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமை, இதே நேரத்துக்கு. ஒளியை விட வெரசா ஒண்ணும் வராது ஹெப்சி."

ஹெப்சி கோரைப்பாயை எடுத்து விரித்தாள். "அப்ப திங்கக்கிழமை வரைக்கும் நான் முழங்காலை விட்டு எந்திக்க மாட்டேன்" என்றாள்.

பியூலாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சோறும் தண்ணீரும் இல்லாமல் இவள் நான்கு நாள் பாயில் கிடந்தால் என்ன ஆகும் என்ற கவலை வேறு. நல்லதுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"இனி என்னத்துக்கு ஹெப்சி? நடந்தது நடந்து முடிஞ்சிட்டு. பிடிச்சுதோ பிடிக்கலையோ, இனி யாரு போய்க் கேட்டாலும் மாறவா போகுது? நீ பேசாம ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் படு."

ஹெப்சி பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. பாயும் விரிக்கவில்லை. பியூலா கஞ்சி வைத்துக் கொண்டுபோனாள். ஹெப்சி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யாருகிட்டப் போய் என்னத்தக் கேக்க மைனி? நீங்கதான் முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டியளே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பியூலா திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். ஹெப்சி கணக்கில் தோற்ற பிள்ளை மாதிரிச் சொன்னாள். அந்தத் தாயின் கையில் இருந்தது ஒரே ஒரு வேலை, அதையும் பிடுங்கிக்கொண்டோம் என்று பியூலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் தன் நாக்கைத் தானே திட்டிக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் குருவானவர் வீட்டுக்குப் போனாள். தயாபரன் ஐயா பின்கட்டில் ஆட்டுக்கு முருங்கைக் கீரை போட்டுக்கொண்டிருந்தார். மனிதர் முதலில் பௌதிகம் படித்து, ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்று, அதன் பிறகு இறையியல் படிக்கப் போனவர். அதைப் பிரசங்கத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

பியூலா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "ஜெபம் பண்ணச் சொல்லுங்க ஐயா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா."

"சொல்றேன். ஆனா நீங்க சொன்னது சரியாத் தப்பான்னு எனக்கு முதல்ல தெரியணுமே" என்றார் அவர். "வியாழக்கிழமை பத்து இருபதுக்கு அங்க எல்லாம் முடிஞ்சிட்டு. அப்படித்தானே?"

"நம்ம கடிகாரப்படி."

"வேற கடிகாரம் இருக்கா?"

பியூலா திண்டில் உட்கார்ந்தாள். நிலையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முப்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போனவள் அவள். "'இப்போ'ங்கிறது கிட்டத்துல உள்ளதுக்குத்தான் ஐயா செல்லும். நீங்களும் நானும் இந்த ஆடும் ஒரே இப்போல இருக்கோம். அவ்வளவு தூரத்துல இருக்கிற ஒண்ணுக்கு அது செல்லாது. ஒளியோட வேகத்துல முக்கால்வாசி வேகத்துல ஒருத்தர், ஜெமிமா இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா, இந்த ஊரைத் தாண்டிப் போறார்னு வைங்க. இப்ப இந்த நிமிஷம் அவர் கணக்குப் போட்டுப் பாத்தா, ஜெமிமா இன்னும் எஞ்சினை மூட்டியே இருக்க மாட்டா."

"நம்ம கணக்குல?"

"ரெண்டு நாளைக்கு முன்னாலயே மூட்டிட்டா."

"இதுல யாரு கணக்கு சரி?"

"ரெண்டும் சரி. அங்கேருந்து ஒளி வந்து சேர்ற வரைக்கும் அது முடிஞ்சதா முடியலையான்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு பதில் கிடையாது. திங்கக்கிழமை வந்து சேர்ந்த பிறகுதான் அது நமக்கு..." பியூலா பாதியில் நிறுத்திவிட்டாள்.

தயாபரன் ஐயா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். "நமக்கு?"

"நமக்கு இறந்த காலம் ஆகும்."

"அப்ப நீங்க வியாழக்கிழமை சொன்னது பௌதிகப்படியே தப்பு."

"தப்புத்தான்" என்றாள் பியூலா. முகம் சிவந்துவிட்டது. "வீட்டுக் கடிகாரத்தைப் பாத்துச் சொல்லிட்டேன்."

"வீட்டுக் கடிகாரத்தை வச்சா ஒரு தாயோட வாயை அடைச்சிய?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். அவர் சொன்னதில் பிசகில்லை என்பதால் உட்கார்ந்திருந்தாள். பிறகு, தோற்றாலும் முழுக்கத் தோற்க மனமில்லாமல், "ஆனா ஒண்ணு ஐயா. இங்கேருந்து எதுவும் நாலு நாளைக்குள்ள அங்க போய்ச் சேராது. ஜெபத்தினால அங்க ஒண்ணு ஆகும்னு என் கணக்குச் சொல்லாது. அதை நான் பொய்யாச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"ஜெபம் இங்கேருந்து பயணம் போகணும்னு யாரு சொன்னா? கேக்கிறவர் இங்கயும் இருக்கார், அங்கயும் இருக்கார்னுதானே நம்புதோம். அவருக்கு எதுக்கு ஆண்டெனா?"

"அதை நிரூபிக்க முடியாதே."

"முடியாது. நிரூபிக்க முடிஞ்சா எனக்கு என்ன வேலை? கோயிலையும் உங்க நிலையமே நடத்திரும்."

மூன்று நாளில் முதல் தடவையாகப் பியூலா சிரித்தாள். கூடவே கண்ணும் நிறைந்தது. தான் செய்த தப்பைத் தன் படிப்பை வைத்தே எடுத்துக் காட்டியதற்காக அந்தக் கிழிந்த பனியன் போட்ட மனிதர் மேல் அவளுக்கு நன்றி பொங்கியது.

நேராக ஹெப்சியிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினாள். வேகமாகப் போகிறவர், எதிர்ப்பக்கம், இரண்டு கணக்கு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஹெப்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வியாழக்கிழமை ஒண்ணு சொன்னிய. சனிக்கிழமை ஒண்ணு சொல்லுதிய. எதை மைனி நான் எடுத்துக்கிட?" என்றாள். தயாபரன் ஐயாவும் இருட்டுகிற நேரத்தில் வந்து பேசிப் பார்த்தார். ஹெப்சி தலையை ஆட்டினாளே தவிரப் பாயை எடுக்கவில்லை.

சரி, அவள் கேட்காவிட்டால் அவளுக்காக நான் கேட்கிறேன் என்று பியூலா முடிவு செய்தாள். ஞாயிறு காலை ஒரு சீட்டில், 'ஹெப்சிபா மகள் ஜெமிமா, கலத்தின் வேகம் தணிதல்' என்று எழுதினாள். முன்பெல்லாம் ஜெபப் பெட்டி வாசலுக்கு வலது பக்கம் இருக்கும். பழக்கம் மறக்காத கை அந்தப் பக்கமே போய்ச் சீட்டைப் போட்டது. போட்டுவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கோயிலைப் புதுப்பித்தபோது பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் பெட்டி மேல் எழுதி ஒட்டவும் இல்லை. பெட்டிப் பக்கம் போகாத ஒருத்திக்கு மட்டும் அது தெரியாது.

மணியடித்துக் கோயிலைப் பூட்டித் திறக்கிற கோயில்குட்டி அருமைநாயகம் சீட்டுகளை அள்ளி இரண்டு கட்டாகக் கட்டி மேஜையில் வைத்தார். ஆராதனை பாதியில் தயாபரன் ஐயா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றிக் கட்டைப் பிரித்தார். மார்த்தாளின் முழங்கால் தேவலை. செல்லையா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வந்தது. மூன்றாவது சீட்டை எடுத்துப் பழக்க தோஷத்தில் வாய் வாசித்துவிட்டது.

"ஹெப்சிபா மகள் ஜெமிமா, கலத்தின் வேகம் தணிந்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

வாசித்த பிறகுதான் அவருக்கே அர்த்தம் புரிந்தது. அவர் நிமிர்ந்து பியூலாவைத் தேடினார். அதற்குள் கோயில் கலகலத்துவிட்டது. நிலையத்தில் வேலை பார்க்கிற அத்தைக்கு ரகசியமாகச் செய்தி வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்; திங்கட்கிழமைக்கு முன்னால் எதுவும் வராது என்ற கணக்கு ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை. பெண்கள் ஹெப்சியைக் கட்டிப் பிடித்தார்கள். பாடகர் குழு சொல்லாமலே ஸ்தோத்திரப் பாட்டை எடுத்தது. ஹெப்சி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "ஆண்டவரே, உமக்கு நன்றி, நன்றி" என்று அவள் சொன்னது பாட்டையும் மீறிக் கேட்டது.

கடைசி வரிசையில் பியூலாவுக்குப் பெட்டி மாறிப்போனது புரிந்துவிட்டது. சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நாளைக் காலை எஞ்சின் பிடித்தது என்று தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும், இன்று ஒரு நாள் இவள் சாப்பிட்டுத் தூங்குவாள். ஆனால் பிடிக்கவில்லை என்று தெரிந்தால்? ஒரே வாரத்தில் இரண்டு முறை இந்தப் பெண்ணைக் கொல்ல வேண்டுமா? பாட்டு முடிவதற்குள் அவள் எழுந்து, எல்லோரும் பார்க்க நடுவழியில் நடந்து, ஹெப்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஹெப்சி, செய்தி ஒண்ணும் வரலை. நான் வேண்டுதல்னு நினைச்சுப் பெட்டி மாத்திப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு."

ஹெப்சியின் கைகள் கீழே இறங்கின. ஆராதனை முடிகிறவரை முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஏன் என்று கேட்கப் பியூலாவுக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை பத்து இருபதுக்கு நிலையமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கலம் விலகிப் போய்க்கொண்டிருந்ததால் அதன் ரேடியோ ஒலி எப்போதும் சற்றுச் சுருதி இறங்கியே வந்துகொண்டிருந்தது. எஞ்சின் பிடித்து வேகம் தணிந்தால் சுருதி மெல்ல ஏற வேண்டும். பத்து இருபது ஆனது, பத்து முப்பது ஆனது. சுருதி இம்மியும் அசையவில்லை.

பதினொன்றரைக்கு ஜெமிமா அனுப்பியிருந்த பேச்சு வந்தது. பியூலா அதைத் தானே எடுத்துக்கொண்டுபோய் ஹெப்சியின் வீட்டுத் திரையில் போட்டாள்.

"அம்மா, எஞ்சின் பிடிக்கலை. எரிபொருள் குழாய் உறைஞ்சு கிடக்கு. நாங்க இருக்கிற அறைகளுக்குச் சூடு குடுக்கிற கம்பிகளைக் கழத்திக் குழாயில சுத்தப் போறோம். இளக மூணு நாளாகும்னு நினைக்கோம். அதுவரைக்கும் பன்னெண்டு பேரும் ஒரே அறையில கோழிக்குஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டுக் கிடப்போம். மின்சாரம் மிச்சம் பிடிக்க ரேடியோவையும் அணைக்கோம். பிடிச்சா நானே பேசுதேன். பிடிக்கலைன்னா நீ அழுதுக்கிட்டே கிடக்கக் கூடாது. அம்மா, போன வாரம் வேற ஒரு பூமியில மேகம் பாத்தேன். மேகம்மா! நம்ம தேரி மேல மழைக்கு முன்னால இருட்டிக்கிட்டு வருமே, அதே மாதிரி. பாத்துட்டு நான் முதல்ல பண்ணினது என்ன தெரியுமா, கண்ணாடியில நெத்தியை வச்சு ஜெபம் பண்ணினேன். எதையும் கேக்கலை. சும்மா நன்றி சொன்னேன். அத்தைகிட்டச் சொல்லு, அத்தை போட்ட கையெழுத்தாலதான் நான் இதைப் பாத்தேன். அத்தை மனசுல எதையாவது வச்சுக்கிட்டுப் புழுங்குவா, எனக்குத் தெரியும்."

திரை அணைந்தது. பியூலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது, பிள்ளை போய்விடுவாளே என்ற பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

குழாய் இளகாது என்றுதான் நிலையத்து நிபுணர்கள் சொன்னார்கள். அறைக் கம்பிகளின் சூடு எந்த மூலைக்குப் போதும்? புதன்கிழமையே இரங்கல் அறிக்கை ஒன்று தயாராகிவிட்டது. பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி அதைப் பியூலாவிடமே அனுப்பிவைத்தார்கள். அவள் அதைப் பிரிக்காமலே மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

ஊரிலும் பேச்சு மாறிவிட்டது. நடக்காத காரியத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லிக் கர்த்தரைப் பரியாசம் பண்ணிவிட்டோமே என்று சிலர் பயந்தார்கள். பெட்டி மாற்றிப் போட்ட கை விளங்குமா என்றுகூட ஒருத்தி கேட்டாள். சபைக் கமிட்டியார் கூடிப் பேசி, வரும் ஞாயிறு ஆராதனையில் அந்த ஸ்தோத்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவிக்க வேண்டும் என்று குருவானவரை ஹெப்சியிடம் அனுப்பினார்கள். பியூலா அப்போது அங்கேதான் இருந்தாள்.

தயாபரன் ஐயா சொல்ல வந்ததை இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தார். ஹெப்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப வாங்க மாட்டேன் ஐயா" என்றாள். "நீங்க அன்னைக்கு வாசிச்சதும் எனக்கு எஞ்சின் நினைப்பே வரலை. அவ பொறந்த அன்னைக்கு நர்ஸ் துணியில சுத்தி என் கையில குடுத்தாவள்ளா, அதான் வந்துச்சு. அவ அப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நடந்தது, முதல் மாசச் சம்பளத்துல எனக்குச் செருப்பு வாங்கித் தந்தது, எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துச்சு. முப்பத்துமூணு வருஷம். அதுக்கெல்லாம் நான் ஒரு நாள் சீட்டுப் போட்டிருக்கேனா? காய்ச்சல்னா போடுவேன், பரீட்சைன்னா போடுவேன். அன்னைக்குத்தான் மொத்தமாச் சொன்னேன். மைனி வந்து செய்தி வரலைன்னு சொன்ன பிறகு யோசிச்சுப் பாத்தேன். நான் சொன்ன நன்றியில எது பொய்? ஒண்ணுமே இல்லை."

"கமிட்டிக்கு நான் என்ன சொல்ல?" என்றார் ஐயா.

"நாம பாக்கிற நட்சத்திரமெல்லாம் பழைய வெளிச்சம்னு மைனி சொல்லுவாவ. கேக்கிறதுக்கு நேரம் தப்பிப் போகலாம். நன்றி சொல்லதுக்கு எங்க ஐயா நேரம் தப்பும்? வந்து சேர்ந்ததுக்குத்தானே நன்றியே. அப்படிச் சொல்லுங்க. இனி நான் ஜெபமும் பண்ணுவேன். அங்க இளகுதோ இல்லையோ, அது அவர் பாடு."

அன்று சாயங்காலம் கோரைப்பாய் மறுபடியும் விரிக்கப்பட்டது. பியூலாவும் அதன் ஓரத்தில் முழங்காலிட்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. முப்பது வருஷம் விண்வெளியைப் படித்த படிப்பு ஒரு பக்கம், இந்தப் பாய் ஒரு பக்கம் என்று இரண்டு வீட்டில் வாடகைக்கு இருந்தது போல இருந்துவிட்டோம் என்று தோன்றியது. இரண்டும் ஒரே வீடுதான், நடுவில் சுவர் எழுப்பியது தானேதான் என்றும் தோன்றியது. தொலைநோக்கி வழியே தெரிகிற எதையும் அவளால் மாற்ற முடியாது. எல்லாம் நடந்து முடிந்து, வெளிச்சமாக அவளைத் தேடி வந்தவை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்ததே, அதற்குப் பெயர் என்ன என்று அவள் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மேல், மூன்று நாள் ஊமையாகக் கிடந்த வாங்கியில் ஒரு கீற்று எழும்பியது. பியூலா காதில் கருவியை மாட்டினாள். கலத்தின் ஒலிதான். மிக மெல்லியதாக இருந்தது. பாட்டுக்காரி காது அவளுக்கு. சுருதி ஒரு மயிரிழை ஏறியிருந்தது. திரையைப் பார்க்கப் பயந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். இன்னும் ஒரு மயிரிழை.

"ஏறுது" என்று கத்தினாள். "ஏறுது, ஏறுது, பிடிச்சிட்டு!"

நிலையத் தலைவர் ஓடி வருவதற்குள் ஜெமிமாவின் குரல் வந்துவிட்டது. குளிரில் பல் அடித்துக்கொண்டு, "அம்மா, பிடிச்சிட்டும்மா. பன்னெண்டு பேரும் நல்லாருக்கோம். வாரோம்மா" என்றது. பியூலா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேலையை விட்டுக்கொடுக்காமல், நேரத்தைக் குறித்தாள். நான்கு நாளைக் கழித்துப் பார்த்தாள். எஞ்சின் மூண்டது ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரைக்கு மேல். கோயிலில் ஐயா அந்தச் சீட்டை வாசித்த வேளை.

ஊர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் ஹெப்சியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாளும் மணியும் அவளை முந்திக்கொண்டு வந்திருந்தன. கூட்டம் வாசல் கொள்ளவில்லை. கோயில்குட்டி அருமைநாயகம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஐயா சீட்டை வாசிச்சதும் அங்க எஞ்சின் மூண்டிருக்கு! அதே நேரம்! கட்டைக் கட்டி வச்சதே நாந்தான்!" அந்தக் கை விளங்குமா என்று கேட்டவள் பியூலாவின் அதே கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தயாபரன் ஐயா மட்டும் ஓரமாக நின்று பியூலாவைப் பார்த்தார். சொல்வதானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

ஹெப்சி அவளை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "மைனி, எல்லாரும் சொல்லுதாவ. நான் கையத் தூக்கி அழுத அதே நேரந்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரும் உறவும் அதைத்தான் கேட்கக் காத்திருந்தன. பியூலாவுக்கும் அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தப்பான ஒரு 'இப்போ'வைச் சொல்லி இவளை ஒரு முறை நோகடித்தாயிற்று. இனிக்கிறது என்பதற்காக இன்னொன்றைச் சொல்ல அவளால் ஆகவில்லை.

"நம்ம வீட்டுக் கடிகாரத்துல அப்படி வருது ஹெப்சி. ஆனா அவ்வளவு தூரத்துக்கு 'அதே நேரம்'னு ஒண்ணு கிடையாது. வேற ஒருத்தர் கணக்குல முன்னப்பின்ன வரும். இதை வச்சு நான் எதையும் நிரூபிச்சுக் காட்ட முடியாது."

ஹெப்சி யோசித்தாள். "அப்ப நாம நன்றி சொன்னதுக்கு முன்னாலயே மூண்டிருக்கலாமா?"

"ஒரு கணக்குக்கு அப்படி."

"பின்னாலயும் இருக்கலாம்."

"அதுவும் சரிதான்."

"அப்ப நாம எப்பச் சொல்லியிருந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும்" என்றாள் ஹெப்சி.

பியூலா அந்தப் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். முப்பது வருஷப் படிப்பையும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. வெளியே யாரோ பாட்டை எடுத்துக் கொடுக்க, கூட்டம் பிடித்துக்கொண்டது.

"பிள்ளை வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் மைனி?"

"பத்து."

"வரட்டும், வரட்டும். மெதுவா வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஹெப்சி வந்தவர்களுக்குக் காப்பி போட அடுப்பைப் பற்ற வைத்தாள். பியூலா சுவரில் சாய்ந்து நின்று, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று அடுக்களைக்கே கேட்கும்படி சொன்னாள். ஒரு தடவை சொன்னது போதவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.